குழந்தைகளோடு முதல் வெளிநாட்டுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முறையாகக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளிநாடு கிளம்பும் பெற்றோர் தயாரிப்பில் குறை வைப்பதில்லை. எதைப் பார்ப்பது, எந்த ஹோட்டலில் நீச்சல்குளம் இருக்கிறது என்று மாதக்கணக்கில் தேடுகிறார்கள். அப்படியும் விமான நிலையத்தில் திணறுபவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பெரியவர்களுக்குப் போட்ட கணக்கையே குழந்தைக்கும் போட்டிருப்பார்கள். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் வேறு, டிக்கெட்டுக்கு விதி வேறு, மருந்துக்கு அளவு வேறு. துண்டை மறப்பது, பொம்மையை மறப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவற்றைப் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். போன பிறகு சரிசெய்ய முடியாத தவறுகளைத்தான் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தையின் பாஸ்போர்ட் தேதியைப் பார்க்காமல் டிக்கெட் போடுவது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. பெரியவர்களின் பாஸ்போர்ட் பல நாடுகளில் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். குழந்தைகளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்குத்தான். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எடுத்திருந்தால், பெரியவர்களுடையது பாதிக் காலம் ஓடியிருக்கும்போதே குழந்தையுடையது முடிந்துவிடும். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த பாஸ்போர்ட் பள்ளியில் சேரும் வயதில் காலாவதியாகிறது. பல குடும்பங்கள் முதல் பயணத்துக்குக் கிளம்புவதும் அந்த வயதில்தான்.

காலாவதி தேதிக்கு முன்பே திரும்பி வந்துவிடுவோம் என்ற சமாதானம் செல்லாது. சிங்கப்பூர், இந்தோனேசியா உட்படப் பல நாடுகள், உள்ளே நுழையும்போது பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்ல வேண்டும், பாஸ்போர்ட் வழங்கப்பட்டு 10 ஆண்டுகள் தாண்டியிருக்கவும் கூடாது. சில நாடுகள் முத்திரை குத்த வெற்றுப் பக்கங்களையும் கேட்கும். வழியில் விமானம் மாறும் நாட்டுக்கும் தனி விதி இருக்கலாம்.

கவுன்டரில் நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். அப்பா நான்கு பாஸ்போர்ட்டையும் ஒன்றாக நீட்டுகிறார். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை ஸ்கேன் செய்த ஊழியர் திரையையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார், மேற்பார்வையாளரைக் கூப்பிடுகிறார். பாஸ்போர்ட்டில் நான்கு மாதம் பாக்கி இருக்கிறது, நாங்கள் போவது ஒரு வாரம்தானே என்று அப்பா வாதாடுகிறார். பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எப்போது ஏறுவோம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த வாதம் எடுபடாது, காரணமும் நியாயமானதுதான். ஒவ்வொரு நாட்டின் நுழைவு விதிகளையும் தொகுத்து வைத்திருக்கும் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் விமான நிறுவனங்கள் முடிவெடுக்கின்றன. ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் நிறுவனமே திருப்பிக் கூட்டிவர வேண்டும், பல நாடுகளில் அபராதமும் கட்ட வேண்டும். எதிரில் நிற்கும் ஊழியருக்கு மனமிருந்தாலும் அதிகாரம் இல்லை.

இழப்பு ஒரு குழந்தையின் டிக்கெட்டோடு நிற்பதில்லை. நான்கு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு மற்றவர்கள் போக முடியுமா? குடும்பம் மொத்தமும் நின்றுவிடுகிறது. பணம் திரும்பாத வகையில் முன்பதிவு செய்த ஹோட்டல் போகிறது. ஆவணக் குறையால் பயணம் நின்றால் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் இழப்பீடு தருவதில்லை. இதற்குமேல் ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாதது: போகும் விமானத்தில் ஏறாவிட்டால், அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணமும் பொதுவாகத் தானாக ரத்தாகிவிடும். கவுன்டரில் மறுத்துவிட்டால், விமானம் கிளம்பும் முன்பே தேதி மாற்றவோ ரத்து செய்யவோ கேட்டு, அதைப் பதிவு செய்ய வையுங்கள். வாதாடிக்கொண்டே நேரத்தைக் கடத்தினால் அதுவும் கையைவிட்டுப் போகும்.

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. எல்லாப் பாஸ்போர்ட்டையும் மேசையில் விரியுங்கள். ஒரு தாளில் ஆளுக்கு ஒரு வரி: பெயர், வழங்கிய தேதி, காலாவதி தேதி, வெற்றுப் பக்கங்கள். கீழே, ஊர் திரும்பும் தேதியோடு 6 மாதம் கூட்டி எழுதுங்கள். அந்தத் தேதிக்குள் எது முடிந்தாலும் முதலில் புதுப்பித்தல், பிறகுதான் டிக்கெட். எந்த நாட்டின் விதிக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் போதும். ஆனாலும் போகும் நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மொத்தமாகப் பத்து நிமிட வேலை. இவ்வளவு சின்ன வேலையை விட்டதற்காக ஒரு குடும்பம் கவுன்டரிலிருந்து திரும்பிப் போவதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் தாங்க முடிவதில்லை.

கைக்குழந்தைக்கும் பல நாடுகளில் தனிப் பாஸ்போர்ட்தான், விண்ணப்பம் தள்ளிப்போவது பெரும்பாலும் புகைப்படத்தால். குழந்தையை வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். பிடித்திருக்கும் கை, ரப்பர் நிப்பிள், முகத்தில் விழும் நிழல் எதுவும் படத்தில் வரக்கூடாது. பகலில் ஜன்னலோரம் எடுத்தால் ஃபிளாஷ் தேவைப்படாது.

புதிய பாஸ்போர்ட் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் எஸ்டா, பிரிட்டனின் இடிஏ போன்ற மின்னணு அனுமதிகள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. எண் மாறினால் பழைய அனுமதி செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கும் தனி அனுமதி தேவை. பெற்றோர் தங்களுக்கு மட்டும் எடுத்துவிட்டு, மடியில் வரும் குழந்தைக்கு எதற்கு என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. டிக்கெட் பதிவில் உள்ள பாஸ்போர்ட் எண்ணையும் மாற்றுங்கள். பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். டிக்கெட்டில் பெயர் அந்த வரியில் உள்ளபடியே இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை முன்பதிவில் அடிக்க வேண்டாம்.

ஒருவர் மட்டும் அழைத்துப் போகும்போது சம்மதக் கடிதம் இல்லாமல் கிளம்புவது

குழந்தைக் கடத்தலைத் தடுக்கப் பல நாடுகளின் இமிகிரேஷனில், உடன் வராத பெற்றோரின் சம்மதத்தைக் கேட்பார்கள். கடிதத்தில் குழந்தையின் பெயர், பாஸ்போர்ட் எண், போகும் நாடு, தேதிகள், சம்மதம் தருபவரின் தொலைபேசி எண் இருக்கட்டும். நோட்டரி முன் கையெழுத்திடுங்கள். பெயரின் பின்பாதி உங்களுக்கும் குழந்தைக்கும் வேறாக இருந்தால், இருவருமே கூடப் போனாலும் பிறப்புச் சான்றிதழின் நகல் கையில் வேண்டும். தாத்தா பாட்டி அழைத்துப் போகிறார்கள் என்றால் இரு பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும்.

பயணத்தின் நடுவே இரண்டு வயதாவது

2 வயது நிறையாத குழந்தைக்கு மடி டிக்கெட். பல நிறுவனங்களில் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் அளவில் வரும். பயண நாட்களுக்குள் இரண்டாவது பிறந்தநாள் வந்தால், திரும்பும்போது தனி இருக்கை கட்டாயம். இதைக் கவனிக்காமல் வாங்கியவர்கள் திரும்பும் நாளில் கவுன்டரில் அன்றைய விலைக்கு இருக்கை தேடுகிறார்கள். முன்பதிவு செய்யும்போதே பிறந்த தேதியைச் சரியாகக் கொடுத்து, திரும்பும் பயணத்துக்கு இருக்கை கேளுங்கள்.

பேசினெட் கிடைத்துவிடும் என்று நம்புவது

பேசினெட் என்பது முன்வரிசைச் சுவரில் மாட்டும் குழந்தைத் தொட்டில். ஒரு விமானத்தில் சில பேசினெட்டுகளே இருக்கும். டிக்கெட் போட்ட அன்றே நிறுவனத்தைத் தொடர்புகொண்டு கேட்க வேண்டும். எடை வரம்பு பல இடங்களில் 10 முதல் 11 கிலோ, சில நிறுவனங்களில் இதைவிடக் குறைவு. டிக்கெட் போடும்போது 8 கிலோ இருந்த குழந்தை நான்கு மாதம் கழித்து எவ்வளவு இருக்கும் என்பதைப் பாருங்கள். காற்றுக் கொந்தளிப்பில் சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், பல நிறுவனங்களில் தூங்கும் குழந்தையையும் வெளியே எடுத்து மடியில் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். பேசினெட் உள்ள முன்வரிசையில் கைப்பிடிகள் நிலையானவை, காலடியில் பை வைக்கவும் இடமில்லை.

இரட்டைக் குழந்தைகளோடு போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தலைக்கு மேல் இருக்கும் ஆக்சிஜன் முகமூடிகளின் எண்ணிக்கையால், ஒரே இருக்கைத் தொகுதியில் பொதுவாக ஒரு மடிக்குழந்தைக்குத்தான் இடம். பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு குழந்தையோடு பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம் என்று திட்டமிட்டால் கடைசி நேரத்தில் பிரித்துவிடுவார்கள். நடுவில் நடைபாதை இருக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மருந்தை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்பது

பாரசிட்டமால் எங்கும் கிடைக்கும், ஆனால் செறிவு எங்கும் ஒன்றல்ல. 5 மில்லியில் 120 மில்லிகிராம், 160, 250 என்று சிரப்புகள் மாறும். சில நாடுகளில் கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். குழந்தைக்கான ஒரு வேளை அளவு பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 120 சிரப்பில் 5 மில்லி சரியான அளவு. அதே 5 மில்லியை 250 சிரப்பில் ஊற்றினால் வரம்பை மீறிவிடுகிறது. நள்ளிரவில், காய்ச்சலில் அழும் குழந்தையை வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட பாட்டிலில் இந்தக் கணக்கைப் போட முடியாது.

வீட்டில் கொடுத்துப் பழகிய அதே பாட்டில், அதனோடு வந்த அளவுக் குப்பி, 5 மில்லி சிரிஞ்ச் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கிளம்பும் வாரத்தில் எடை பார்த்து, ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் கேட்டு, பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டுகளில் 1 லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. மாற்றிக் கலக்கினால் உப்பு கூடி ஆபத்தாகும். மருந்துச்சீட்டில் பிராண்டுக்குப் பதில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும். கோடீன், சூடோஎபெட்ரின் கலந்த இருமல், சளி மருந்துகளைச் சில நாடுகள் உள்ளே விடுவதில்லை. ஜப்பான் இதில் கண்டிப்பானது.

விமானத்தில் தூங்கவைக்கச் சளி மருந்து கொடுப்பது

கொடுக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் படபடப்பைத் தரும், சின்னக் குழந்தைகளுக்கு மூச்சையே பாதிக்கலாம்.

தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

குறைந்தது 6 வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். 6 முதல் 11 மாதக் குழந்தைகள் வெளிநாடு போகும்போது தட்டம்மைக்கு ஒரு முன்கூட்டிய தவணை போடச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. அது வழக்கமான இரண்டு தவணைகளின் கணக்கில் சேராது, ஊர் திரும்பிய பிறகு உரிய வயதில் மீண்டும் போட வேண்டும். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளுக்கான தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் செல்லுபடியாகும். 9 மாதம் நிறையாத குழந்தைக்கு அந்த ஊசியைப் பொதுவாகப் போடுவதில்லை, அப்படியிருந்தால் பயணத்தையே தள்ளிவைப்பது நல்லது. இவை இரண்டும் உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள். ஒரே நாளில் போடாவிட்டால் இடையே 4 வாரம் விட வேண்டும். அவகாசம் தேவைப்படுவது இதனால்தான்.

ஏறும்போதே பாலைக் கொடுத்துத் தீர்ப்பது

காது அதிகம் வலிப்பது இறங்கும்போதுதான். தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே விமானம் கீழே இறங்கத் தொடங்கிவிடும். அப்போது குடிக்க ஒரு வேளைப் பாலை மிச்சம் வையுங்கள். பெரிய குழந்தைக்கு ஸ்ட்ரா வைத்த பாட்டிலில் தண்ணீர். ஆழ்ந்து தூங்கினால் எழுப்பிவிடுங்கள், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. கைப்பையில் கொண்டுபோகும் திரவத்துக்கான 100 மில்லி வரம்பு பல நாடுகளில் குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும் இல்லை. பயணத்துக்குத் தேவையான அளவு எடுத்துப் போகலாம், சோதனையில் பையிலிருந்து தனியாக எடுத்துக் காட்ட வேண்டும்.

கனெக்டிங் விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம்

போதாது. தள்ளுவண்டி விமான வாசலுக்கே வரும் என்பதற்கு உறுதி இல்லை, டயப்பர் மாற்றவே இருபது நிமிடம் போகும். மூன்று மணி நேரம் விடுங்கள்.

குழந்தைக்கான கார் சீட்டை மறப்பது

விமானத்துக்கும் விசாவுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், இறங்கியதும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறுகிறார்கள். டாக்ஸிக்குப் பல நாடுகளில் சட்ட விலக்கு உண்டு. விலக்கு இருப்பதால் மோதலின் வேகம் குறைந்துவிடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது கையில் இருக்கும் குழந்தையை எந்தப் பெரியவராலும் பிடித்து நிறுத்த முடியாது. வண்டியை முன்பதிவு செய்யும்போதே வயது, எடை, உயரம் மூன்றையும் சொல்லி இருக்கை கேளுங்கள். சொந்த இருக்கையை விமானத்துக்குள் கொண்டு போவதென்றால், விமானத்துக்கு ஏற்றது என்ற முத்திரை அதில் இருக்க வேண்டும், குழந்தைக்குத் தனி டிக்கெட்டும் வேண்டும். குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கையை விமானத்தில் பயன்படுத்த முடியாது. அதற்குத் தோளில் குறுக்கே வரும் பெல்ட் தேவை, விமானத்தில் இருப்பது இடுப்புப் பெல்ட் மட்டும்தான்.

முதல் இரண்டு நாளுக்கும் சுற்றிப்பார்க்க டிக்கெட் வாங்கிவைப்பது

வேண்டாம். உடல் கடிகாரம் புதிய ஊரின் நேரத்தை நோக்கி ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் மெதுவாக.

மாற்றுடை குழந்தைக்கு மட்டும்

கேபின் பையில் மணிக்கு ஒரு டயப்பர், தாமதத்துக்கு மேலும் நான்கு, குழந்தைக்கு இரண்டு மாற்றுடை. குழந்தை வாந்தி எடுப்பது பெரும்பாலும் தூக்கி வைத்திருப்பவர் மேல்தான். பெற்றோர் இருவருக்கும் ஆளுக்கொரு சட்டையை மூடக்கூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். அழுக்கானதைத் திரும்ப அந்தப் பையிலேயே போட்டு மூடிவிடலாம்.