படத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா? நீர்வண்ணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்வண்ணம் பழகுகிறவர்கள் வீட்டில், பீரோவுக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ பாதியில் நின்ற படங்கள் ஒரு கட்டு இருக்கும். என்னிடமும் இருக்கிறது. அவ்வப்போது அதைப் பிரித்துப் பார்ப்பேன். சிலவற்றை அவசரப்பட்டுக் கைவிட்டிருக்கிறேன். சிலவற்றை விடாமல் தீட்டித் தீட்டியே கெடுத்திருக்கிறேன். இந்த இரண்டாவது வகைதான் அதிகம்.

அவசரத்தில் கைவிடுவது பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடும். நீர்வண்ணத்தில் வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்த்திக்குப் போகிறோம். வானம், தரை, சுவர் என்று முதல் வாஷ் (நிறையத் தண்ணீர் கலந்த மெல்லிய பூச்சு) போட்டு முடித்த நிலையில் எந்தப் படமும் சோகையாகத்தான் தெரியும். ஆழத்தைக் கொடுக்கப் போகிற கரிய நிழல்கள் இன்னும் விழவில்லையே! போதாததற்கு, இந்த வண்ணம் காயும்போது வெளிறும் குணம் கொண்டது. ஈரத்தில் திடமாகத் தெரிந்த நிறம் காய்ந்ததும் மங்கிப்போகும், அதைப் பார்த்து நமக்கும் மனம் தளரும். அதனால் நான் வைத்திருக்கும் விதி இது: ஈரத்தாளைப் பார்த்து எந்த முடிவும் எடுப்பதில்லை; படத்தின் மிக அடர்த்தியான நிழலை ஓர் இடத்திலாவது வைத்துப் பார்க்காமல் தாளைக் கிழிப்பதில்லை. அந்த ஒரு நிழல் விழுந்ததும் மற்ற நிறங்கள் தம் இடத்தில் போய் உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த தவறு தேய்ப்பது. கும்பகோணம் மகாமகக் குளத்தை வரையப்போய்த்தான் இதைக் கற்றேன். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். அவற்றில் நாலைந்தும், தண்ணீரில் அவற்றின் நிழலும் என்று திட்டம். மண்டபங்கள் நன்றாகவே வந்தன. தண்ணீர் கொஞ்சம் அதிக நீலமாகிவிட்டது. ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்தேன், போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன், மேலே பழுப்பு போட்டேன், மறுபடி தேய்த்தேன். தண்ணீர் இருந்த இடம் சேறானது. தாளின் மேல் பஞ்சு பஞ்சாகப் பிசிறு கிளம்பியது.

பிறகுதான் காரணம் புரிந்தது. நீர்வண்ணத் தாளில் ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருப்பார்கள். வண்ணம் உடனே உள்ளே இறங்கிவிடாமல் மேலே தங்குவது அந்தப் பசையால்தான். தேய்க்கத் தேய்க்க அது போய்விடும். அதன் பிறகு அந்த இடம் வண்ணத்தை உறிஞ்சித் திட்டுத்திட்டாகக் காட்டும், எந்தக் கையாலும் மீட்க முடியாது. நிறமியும் முக்கியம். அல்ட்ராமரைன் நீலம் ஓரளவு எழுந்து வரும். நான் போட்டிருந்தது தாலோ நீலம். அது தாளில் கறையாகவே பிடித்துக்கொள்ளும். ஒருமுறை ஒற்றிப் போகாதது பத்து முறை தேய்த்தாலும் போகாது. தாளில் பிசிறு எழுந்துவிட்டால் தூரிகையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுங்கள்.

நான் ஏன் எழவில்லை? ஏற்கெனவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயிருந்தன. பருத்தித் தாளின் விலை வேறு மனதை அறுத்தது. செலவழித்த நேரத்தைக் காட்டித் தொடர்வதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். போன ஞாயிறு திரும்பி வரப்போவதில்லை, வரப்போகிற ஞாயிறாவது நம் கையில் இருக்கிறது. அல்லிக்குளங்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே 1908-ல், கண்காட்சி நெருங்கிய நேரத்தில், குறைந்தது 15 ஓவியங்களை அழித்தார். கண்காட்சி தள்ளிப்போனது. 1909-ல் அது திறந்தபோது 48 அல்லிக்குள ஓவியங்கள் அதில் இருந்தன. அழிக்கச் சொல்லி நான் இதைச் சொல்லவில்லை, அந்த வேகம் நமக்கு வேண்டாம். அத்தனையை இழந்தும் அவர் தொடர்ந்து அதே குளத்தை வரைந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு தாளைக் கைவிட்டால் அந்தக் காட்சியையே கைவிட்டதாக ஆகாது. இரண்டாம் முறை வரையும்போது பாதி முடிவுகள் முன்பே எடுத்தாகிவிட்டதால், கையும் வேகமாகப் போகும்.

சரி, எதை வைத்து முடிவு செய்வது? இரவில், சோர்வில் முடிவு செய்யாதீர்கள். படத்தை ஓரிரு நாள் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, காலை வெளிச்சத்தில் தள்ளி நின்று பாருங்கள். அப்புறம் “என்ன சரியில்லை?” என்பதை ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். “நிழல் போதவில்லை” என்றால் தொடரலாம். காய்ந்த தாளில் இன்னொரு மெல்லிய வாஷ் போதும். போனில் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். “நிறம் கூசுகிறது” என்றாலும் மேலே ஒரு வாஷால் தணிக்கலாம். “சின்ன வெளிச்சப்புள்ளி போய்விட்டது” என்றால் வெள்ளை குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் நீர்வண்ண வகை) கைகொடுக்கும். ஆனால் கோபுரமே சாய்ந்திருக்கிறது, படித்துறையின் கோணமே தப்பு என்றால், வண்ணம் எதையும் காப்பாற்றாது. புதுத் தாள் எடுங்கள். எவ்வளவு யோசித்தும் குறையைச் சொல்ல வரவில்லை, ஏதோ உறுத்துகிறது, அவ்வளவுதான் என்றால், பெரும்பாலும் படம் முடிந்துவிட்டது என்று பொருள். அங்கே தூரிகையைத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

முடிந்த படம் என்றால் தாளின் நான்கு மூலையும் நிறைய வேண்டும் என்று நினைப்பதும் தவறே. கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பாருங்கள். பாண்டியர் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்த வேலை, பாதியில் நின்றது. அடிப்பாகம் இன்னும் முரட்டுப் பாறைதான். மேலே விமானத்திலோ மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி அத்தனை நேர்த்தியாக இருக்கிறார். செய்த இடத்தை முழுமையாகச் செய்திருப்பதால், அங்கே நின்று பார்க்கும்போது விடுபட்ட இடம் குறையாகவே தெரிவதில்லை. நம் படத்திலும் ஒரு மண்டபம் நன்றாக வந்திருந்தால், சுற்றியுள்ளதை வெறும் பென்சில் கோடாக விட்டுவிடலாம்.

கைவிட்ட தாளையும் உடனே எறிய வேண்டாம். ‘ட’ வடிவில் இரண்டு அட்டைகளை வெட்டி, சட்டம்போல் எதிரெதிராகப் பிடித்துப் படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். என் மகாமகக் குளத்தில் அப்படித் தேடியபோது, இடது ஓரத்தில் அஞ்சலட்டை அளவுக்கு ஓர் இடம் கிடைத்தது: ஒரு மண்டபம், நாலு படி, படியில் விழுந்த சாய்வு நிழல். அதை வெட்டி மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். மிச்சத் தாளின் பின்பக்கம்தான் இப்போது என் நிறம் பார்க்கும் தாள். தாலோ நீலத்தில் எவ்வளவு தண்ணீர் கலந்தால் எவ்வளவு வெளிறும் என்று அதில் வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறேன்.