‘தரவு சேகரிப்பு நடைபெற்று வருகிறது’: பிஎச்.டி. ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் அரையாண்டு முன்னேற்ற அறிக்கையைப் பார்த்துத் தரச் சொல்லி எடுத்து வந்தார். முழுநேர ஆய்வாளர், வரலாற்றுத் துறை, மூன்றாம் ஆண்டு. இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: ‘தரவு சேகரிப்பு நடைபெற்று வருகிறது.’ முந்தைய அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். அதிலும் அதே வரி. என் பழைய கோப்பில் இந்த வரி அடுத்தடுத்து நான்கு அறிக்கைகளில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கைடிடம் பேசுங்கள், பிறர் எழுத்தைத் திருடாதீர்கள் என்பதையெல்லாம் தொடக்கத்தில் நடக்கும் கோர்ஸ் ஒர்க் வகுப்புகளிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாம் சேர்ந்தபிறகு எழுதலாம் என்று இருப்பது

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

என் ஆய்வு குடிமராமத்து பற்றியது. ஏரி, வாய்க்கால் பராமரிப்பில் ஊரார் வழக்கமாகச் செய்துவந்த வேலையை 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் கட்டாயமாக்கியது. அதன்பிறகு செங்கல்பட்டு ஏரிகளுக்கு என்ன ஆயிற்று என்பது என் கேள்வி. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு இரண்டரை ஆண்டுகள் போய்வந்தேன். மாலையில் திரும்பும்போது நோட்டில் பத்துப் பக்கம் நிறைந்திருக்கும். வேலை நடக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குவேன். ஓர் இயல்கூட எழுதவில்லை.

நான்காம் ஆண்டின் நடுவில் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்திலேயே கை நின்றுவிட்டது. நோட்டில் பென்சிலில் இப்படி இருந்தது: ‘ஜி.ஓ. 412. மதகு பழுது. ஊரார் வர மறுப்பு. முக்கியம்.’ ‘முக்கியம்’ என்பதன் கீழே இரண்டு கோடு. துறை இல்லை, தேதி இல்லை. அரசாணை எண்கள் ஒவ்வொரு துறைக்கும் தனி, ஆண்டு பிறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வருவாய்த் துறையில் ஒரு 412 இருக்கும், பொதுப்பணித் துறையில் ஒரு 412 இருக்கும், அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு. தெருப் பெயர் தெரியாமல் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டைத் தேடிப் பாருங்கள், அப்படித்தான்.

இதுபோல 63 குறிப்புகள். மறுபடி எழும்பூர், மறுபடி ஆண்டுவாரியான அட்டவணைத் தொகுதிகள், மறுபடி கோரிக்கைச் சீட்டு. ஐந்து மாதங்கள் போயின, ஐந்து மாத உதவித்தொகையும் அதிலேயே கரைந்தது. 17 குறிப்புகளுக்குக் கடைசிவரை மூலம் கிடைக்கவில்லை. ஊரார் ஏன் வேலைக்கு வர மறுத்தார்கள் என்ற வாதம் அவற்றைத்தான் நம்பி நின்றது. அந்தப் பகுதியையே எடுத்துவிட்டேன். ஆய்வேட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

முதல் மாதமே ஐந்து பக்கம் எழுதியிருந்தால் போதும். அடிக்குறிப்பு போடும்போதுதான் ‘எந்தத் துறை, எந்தத் தேதி?’ என்ற கேள்வி வரும். படிக்கும்போது வராது. குறை எங்கே இருக்கிறது என்று எழுத்துதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே இருபது நாள் ஆவணம் பார்த்தால், அடுத்த இரண்டு நாள் காப்பகத்துக்குப் போகாதீர்கள். உட்கார்ந்து அடிக்குறிப்போடு எழுதுங்கள். மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. நோட்டில் முதலில் துறை, எண், தேதி; அப்புறம்தான் செய்தி.

அறிக்கையைக் குழுவுக்காக மட்டும் எழுதுவது

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நம் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பலரும் டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் என்றே சொல்கிறோம். அதற்கு எழுதும் அன்றே உங்களுக்கென்று ஒரு பக்கம் தனியாக எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு முன் தெரியாதது இன்று என்ன தெரியும்? எந்தக் கருத்தைக் கைவிட்டேன்? எந்த வேலையைத் தள்ளிப்போடுகிறேன்? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதத்தான் கை வராது. நான் அதை எழுதியிருந்தால், நான்கு முறையும் ஒரே பதில்தான் வந்திருக்கும்.

ஆறு ஆண்டு இருக்கிறதே என்பது

விதிப்படி அதிகபட்சம் ஆறு, மறுபதிவு கிடைத்தால் இன்னும் இரண்டு. ஆனால் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை ஐந்தோடு நின்றுவிடும். வீட்டு வாடகை நிற்காது.

அவசரத்தில் காசு கொடுத்துக் கட்டுரை போடுவது

2022 விதிமுறை கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் கேட்கிறதா என்று முதலில் அதன் விதியைப் படியுங்கள்.

பக்கத்து சீட்டுக்காரரோடு ஒப்பிடுவது

வேண்டாம். அவர் கேள்வி வேறு.

அந்தத் தம்பியின் நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். முதல் பத்துக் குறிப்புகளில் ஏழில் தேதி இல்லை. நல்ல வேளை, எல்லாம் இந்த ஆண்டு பார்த்த கட்டுகள், எவை என்று அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. திங்கட்கிழமை போய் அவற்றைச் சரிசெய்துவிட்டு, ஐந்து பக்கம் எழுதி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அந்த வரியை அவரே அடித்துவிட்டார்.