இன், ஆன், அட்: எங்கே எதைப் போடுவது?

கடலில், படகில், பாலத்தில், படகுத்துறையில் என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே 'இல்' போதும். இங்கிலீஷ் அந்த வேலையை இன், ஆன், அட் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது, அதனால் தமிழில் யோசித்துவிட்டு 'இல்' வந்த இடத்திலெல்லாம் 'இன்' போட்டால் பாதி வாக்கியம் தப்பாகத்தான் போகும். ஆள் எப்படி இருக்கிறார் என்று மனதில் பாருங்கள். ஒன்றுக்கு உள்ளே இருந்தால் இன், மேலே இருந்தால் ஆன், இந்த இடம் என்று சுட்டினாலே போதும் என்றால் அட். பாம்பன் பாலத்தில் நிற்கிறவர் 'ஆன் த பிரிட்ஜ்'. மண்டபம் ஸ்டேஷனில் சந்திக்கலாம் என்றால் 'அட் மண்டபம் ஸ்டேஷன்'. ராமேஸ்வரத்தை ஊராகச் சொன்னால் 'இன் ராமேஸ்வரம்', தீவாகச் சொன்னால் 'ஆன் ராமேஸ்வரம் ஐலண்ட்'. இடம் அதேதான், நீங்கள் பார்க்கிற விதம்தான் வேறு.

கடல் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் எழுத வேண்டியிருப்பது அதைப் பற்றித்தான். அப்பா கடலுக்குப் போயிருக்கிறார் என்பதற்கு 'மை ஃபாதர் இஸ் அட் சீ', நடுவில் 'த' கிடையாது. 'இன் த சீ' என்று எழுதினால், அக்னி தீர்த்தத்தில் முங்கிக் குளிக்கிற மாதிரி அவர் தண்ணீருக்குள் இருக்கிறார் என்று அர்த்தமாகிவிடும். வீடு கடலோரத்தில் இருந்தால் 'பை த சீ'. தொண்டியோ கீழக்கரையோ கடற்கரை ஊர் என்று சொல்ல 'ஆன் த கோஸ்ட்'.

வண்டிகளுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. எழுந்து நின்று நடமாட முடிகிற பஸ், ரயில், கப்பல், பெரிய விசைப்படகு எல்லாம் ஆன். குனிந்து ஏறி உட்கார்ந்தே போகிற கார், ஆட்டோ இன். சின்ன வள்ளத்துக்கும் இன்தான். பைக் மேலே உட்காருகிறோம், அதனால் ஆன். எதில் வந்தீர்கள் என்று கேட்டால் மட்டும் 'பை பஸ்', 'பை டிரெயின்'.

நேரத்துக்கு வருஷமும் மாதமும் இன், தேதியும் கிழமையும் ஆன், மணி அட். பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்தது 'இன் 1914', புதுப் பாலம் திறந்தது 'ஆன் ஏப்ரல் 6, 2025'. காலையில் என்பது 'இன் த மார்னிங்', ஆனால் கிழமை சேர்ந்துவிட்டால் 'ஆன் மண்டே மார்னிங்'. நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான்.

வளைகுடா வேலைக்கு மெயில் எழுதுகிறவர்கள் 'ஐ ஆம் இன் துபாய் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். சின்ஸ் வந்தால் பின்னாடி ஆரம்பித்த புள்ளி வரவேண்டும், 'சின்ஸ் 2022' மாதிரி. எவ்வளவு காலம் என்று அளவு சொன்னால் ஃபார். 'ஐ ஹேவ் பீன் இன் துபாய் ஃபார் டூ இயர்ஸ்' என்பதுதான் சரி. 'ஆம்' போய் 'ஹேவ் பீன்' வந்திருப்பதையும் பாருங்கள், அதை மாற்றாமல் சின்ஸை மட்டும் ஃபார் என்று மாற்றினால் பலன் இல்லை.

அப்புறம் வினைச்சொற்கள். இதில் படம் போட்டுப் பார்ப்பதெல்லாம் உதவாது, ஜோடியாக மனப்பாடம் செய்வதுதான் ஒரே வழி. 'பற்றி' என்று தமிழில் வருவதால் 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறோம், அந்த அபவுட் வேண்டாம். ராமநாதபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பதற்கு 'ரீச்டு ராமநாதபுரம்', நடுவில் டு கிடையாது. அரைவ் என்றால் ஊருக்கு இன், ஸ்டேஷனுக்கு அட். 'மேரீட் வித்' இல்லை, 'மேரீட் டு'. 'குட் இன் இங்கிலீஷ்' என்று பயோடேட்டாவிலேயே போடுகிறார்கள், அது 'குட் அட் இங்கிலீஷ்'. 'ரிட்டர்ன் பேக்' என்றால் 'திரும்பி' என்பதையே இரண்டு தடவை சொன்ன மாதிரி, பேக்கை எடுத்துவிடுங்கள்.

தனுஷ்கோடி வரும் வெளிநாட்டுக்காரரிடம் எதையாவது கேட்க நினைத்தால் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல்லுங்கள்.