மிசிசிப்பிக் கரையில் செக்வே: மினியாப்போலிஸ் ஆற்றோரச் சுற்றுலாவுக்கு ஒரு வழிகாட்டி

மிசிசிப்பி ஆறு சுமார் 3,700 கிலோமீட்டர் ஓடுகிறது. அவ்வளவு தூரத்தில் அது பெரிய இயற்கை அருவியாக விழும் இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாப்போலிஸ் நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. செயின்ட் ஆன்டனி அருவி என்று அழைக்கப்படும் அதன் நீர்விசையை நம்பித்தான் இரு கரைகளிலும் மாவு ஆலைகள் எழுந்தன; 1880 முதல் 1930 வரை உலகின் மாவு ஆலைத் தலைநகரம் என்ற பெயரும் இந்த ஊருக்கு இருந்தது. பார்க்க வேண்டியவை எல்லாம் சில கிலோமீட்டருக்குள் இரு கரைகளிலும் பரவிக் கிடப்பதால் நடந்தே பார்த்தால் அரை நாள் போய்விடும். காரில் போனால் பாலத்தையும் பூங்காக்களையும் தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். நின்றபடி ஓட்டும் இரு சக்கர மின்வண்டியான செக்வேயில் வழிகாட்டியோடு செல்லும் சுற்றுலா இத்தகைய இடத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

முன்பதிவு செய்வதற்கு முன்பு ஒரு கேள்வியைக் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது: எந்த வண்டியைத் தருகிறார்கள்? அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 2001 டிசம்பரில் அறிமுகப்படுத்திய, இரண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவே நின்று இடுப்புயரக் கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் அந்த அசல் செக்வேயின் தயாரிப்பு 2020 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. சுற்றுலா நடத்துபவர்களில் சிலர் பழைய வண்டிகளையே பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். வேறு சிலர் முழங்காலால் திருப்பும் சிறிய வண்டிகளுக்கோ, மின்சார ஸ்கூட்டருக்கோ மாறிவிட்டார்கள். எல்லாவற்றையும் செக்வே என்றே விளம்பரம் செய்வதும் உண்டு. இந்த வழிகாட்டியில் சொல்லப்படுபவை கைப்பிடியுள்ள அசல் வண்டிக்கானவை.

எடை வரம்பை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வண்டிக்கு வகுக்கப்பட்ட வரம்பு ஏறத்தாழ 45 கிலோவிலிருந்து 118 கிலோ வரை. மேல் வரம்பு எதற்கென்று எல்லோருக்கும் புரியும். கீழ் வரம்பைத்தான் பலர் சம்பிரதாயம் என்று நினைத்துவிடுகிறார்கள். வண்டியை நிறுத்துவது பிரேக் அல்ல, உங்கள் உடல் பின்னோக்கிச் சாய்வதுதான். உடலெடை மிகவும் குறைவாக இருந்தால், குறிப்பாக இறக்கத்தில், அந்தச் சாய்வு வண்டியை நிறுத்தப் போதாமல் போகலாம். ஒல்லியான பதின்பருவப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும், தலைச்சுற்றல் உள்ளவர்களும், இரண்டு மணி நேரம் தொடர்ந்து நிற்க முடியாத அளவுக்கு மூட்டுவலி உள்ளவர்களும் இதைத் தவிர்ப்பதே முறை. மது அருந்தியவர்களை வழிகாட்டிகள் ஏற்றமாட்டார்கள். புறப்படும் முன்பு பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், குறிப்பாக வண்டி சேதமானால் யார் பணம் கட்டுவது என்ற பகுதியை.

உடையைப் பொறுத்தவரை, பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. சக்கரங்கள் கணுக்காலுக்கு வெகு அருகில் சுழல்வதால் சேலை, வேட்டி, தொங்கும் துப்பட்டா ஆகிய மூன்றும் ஆகாது. கால்சட்டையும், குதிகால் உயராத, விரல்களை முழுவதும் மூடிய காலணியும் போதும். கைப்பையைத் தோளில் மாட்டினால் அது கைப்பிடியில் இடித்துக்கொண்டே இருக்கும். முதுகுப் பையே வசதி. தலைக்கவசத்தை அவர்களே தருவார்கள். அதன் பட்டையைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்ட வேண்டும்.

மினசோட்டாவின் குளிர்காலம் கடுமையானது என்பதால் வசந்தத்தின் நடுவிலிருந்து இலையுதிர் காலம் வரைதான் இத்தகைய சுற்றுலாவுக்கு ஏற்ற காலம். அருவியைப் பார்ப்பதே நோக்கமானால் பனி உருகி ஆறு நிறைந்து வரும் வசந்த காலத்தையும் கோடையின் தொடக்கத்தையும் தேர்ந்தெடுங்கள். கோடையின் கடைசியில் நீர் குறைந்து, அருவி வெறும் சிமென்ட் சரிவாகவே தெரியும் நாட்களும் உண்டு. மரங்கள் நிறம் மாறும் அக்டோபரின் முற்பகுதியும் அழகுதான், ஆனால் ஈரமான உதிர்ந்த இலைகள் மேல் சக்கரம் வழுக்கும்.

இனி வண்டி. பயிற்சிக்கென்று ஒதுக்கப்படும் முதல் அரை மணி நேரத்தைச் சுற்றுலாவின் முன்னுரையாக நினைக்காமல், அதன் முக்கியமான பகுதியாகவே கருதுங்கள். அங்கே உடலுக்குப் பழகிவிட்டால் பிறகு கண்கள் ஆற்றுக்குக் கிடைக்கும். பழகாவிட்டால் இரண்டு மணி நேரமும் சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் நிற்கும் மேடைக்கு அடியில் உள்ள கைரோஸ்கோப் உணரிகள் வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை நொடிக்குச் சுமார் நூறு முறை அளக்கின்றன. நீங்கள் முன்னே சாய்ந்தால் விழுந்துவிடாதபடி சக்கரங்கள் உங்களுக்கு அடியில் வந்து சேர முன்னோக்கி உருள்கின்றன. பின்னே சாய்ந்தால் வேகம் குறைந்து நிற்கும், இன்னும் சாய்ந்தால் பின்னோக்கி உருளும். ஆகவே இங்கே ஆக்சிலரேட்டரும் இல்லை, பிரேக்கும் இல்லை. கணுக்காலுக்கு மேலே உள்ள உடம்புதான் இரண்டும்.

ஏறும்போது வழிகாட்டி முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். சமநிலையைக் காட்டும் விளக்கு பச்சையாக எரிகிறதா என்று பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2003-இல் இதன்மீது ஏறித் தடுமாறிய படங்கள் உலகம் முழுவதும் வெளியாயின. வண்டி இயக்கப்படாமல் இருந்ததே காரணம் என்று அப்போது சொன்னார்கள். ஒரு காலை மேடையின் நடுவில் வைத்து, தயங்கி நிற்காமல் மற்றக் காலையும் வைத்துவிடுங்கள். ஒற்றைக் காலோடு யோசிப்பதுதான் வண்டியை ஆட்டங்காண வைக்கும். கைப்பிடியை இழுத்து அதன்மேல் தொங்கக் கூடாது. இழுத்தால் வண்டி உங்களை நோக்கி வரும். எடை முழுவதும் பாதத்தில் இருக்கட்டும், முழங்கால் சற்றே தளர்ந்திருக்கட்டும், பார்வை பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். முதல் நிமிடத்தில் எல்லோருடைய வண்டியும் முன்னும் பின்னுமாக நடுங்கும். வண்டி நடுங்குவதாகத் தோன்றினாலும் நடுங்குவது நாம்தான். நீங்கள் அசையாமல் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

திரும்புவதற்குக் கைப்பிடித் தண்டை இடப்பக்கமோ வலப்பக்கமோ மெல்லச் சாய்த்தால் போதும். நின்ற இடத்திலேயே ஒரு முழு வட்டம் சுற்றிப் பார்ப்பது நல்ல பயிற்சி. வேகமாகப் போகும்போது திருப்புவதுதான் பெரும்பாலான விழுதல்களுக்குக் காரணம். முதலில் வேகம் குறையட்டும், பிறகு திரும்புங்கள், திரும்பும் பக்கமே உடலையும் சாயுங்கள். இந்த வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். புதியவர்களுக்கென்று உள்ள நிலையில் அதில் பாதிதான் கிடைக்கும், அதுவே தாராளம். வரம்பை எட்டியதும் கைப்பிடி உங்களைப் பின்னுக்குத் தள்ளும். அதை எதிர்த்து முன்னே அழுத்துபவர்களை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கலாம்; வண்டி உங்களைத் தாங்கிப் பிடிக்க வைத்திருக்கும் வலுவை வீணாக்கும் செயல் அது.

நிறுத்துவதைப் பலமுறை பழகுங்கள். இடுப்பைப் பின்னே தள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு நாற்காலியில் உட்காரப் போவதைப் போலக் குனிந்தால் வண்டி நிற்கும். நின்றவுடன் நிமிர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் பின்னோக்கி உருளத் தொடங்கும். இறங்கும்போது பின்பக்கமாக ஒரு காலைத் தரையில் வைத்து, உடனே மற்றக் காலையும் எடுங்கள். இரண்டு கால்களும் தரைக்கு வந்த பிறகும் கைப்பிடியை விட்டுவிடக் கூடாது. சுமார் 47 கிலோ எடையுள்ள வண்டி தானாக ஓடி அடுத்தவர் காலில் மோதும்.

சுற்றுலாவின் பாதை நடத்துபவரைப் பொறுத்து மாறினாலும், மையமாக இருப்பது ஸ்டோன் ஆர்ச் என்னும் கல்வளைவுப் பாலம். ரயில்வே முதலாளி ஜேம்ஸ் ஜே. ஹில் 1883-இல் கட்டி முடித்த இந்தப் பாலத்தில் 1994 முதல் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் செல்கிறார்கள். ரயிலுக்காகக் கட்டியது என்பதால் ஏற்ற இறக்கமே இல்லை. செக்வேக்கு இதைவிட நல்ல தளம் கிடைப்பது அரிது. நகர மையத்தை நெருங்கும் பக்கத்தில் பாலம் வளைகிறது. அந்த வளைவில் எதிரே வருபவர்கள் கவனத்தைப் படம் எடுப்பதில் வைத்திருப்பார்கள் என்பதால் வேகத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் நடுவில் வழிகாட்டி கட்டாயம் நிறுத்துவார். அப்போது வண்டியைக் கைப்பிடிச் சுவருக்கு இணையாக நிறுத்தி, இறங்கிப் பாருங்கள்.

அங்கிருந்து தெரியும் அருவி சிமென்ட் பூசிய சரிவாக இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். ஏன் அப்படி ஆனது என்று வழிகாட்டியைக் கேளுங்கள். மேலே சுண்ணாம்புக் கல், அடியில் மிருதுவான மணற்கல் என்ற அமைப்பால் இந்த அருவி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தன் அடியைத் தானே அரித்துக்கொண்டு ஆற்றின் மேல்நோக்கி நகர்ந்து வந்தது. 1869-இல் ஆலை முதலாளிகள் மணற்கல்லுக்குள் தோண்டிய ஈஸ்ட்மன் சுரங்கம் இடிந்து ஆற்றுநீர் உள்ளே புகுந்தபோது அருவியே சரிந்து காணாமல் போகும் நிலை வந்தது. நிலத்தடியில் சுவர் எழுப்பியும், விளிம்பின் மேல் சரிவுத் தளம் அமைத்தும்தான் அதைக் காப்பாற்றினார்கள். இங்கே வாழ்ந்த டகோட்டா மக்கள் இதை ஓவாம்னியோம்னி என்று அழைத்தார்கள். 1680-இல் வந்த லூயி ஹென்னபின் என்ற பாதிரியார் தன் காவல் புனிதரான அந்தோணியாரின் பெயரை இதற்கு வைத்தார். நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் படகுகளை அருவியைக் கடக்க வைத்த, அருகிலுள்ள கப்பல் பூட்டு, வெளியிலிருந்து வந்து பரவும் கெண்டை மீன்கள் மேலே ஏறாதபடி 2015 ஜூனில் மூடப்பட்டது.

மேற்குக் கரையில் இறங்கியதும் வாஷ்பர்ன் ‘ஏ’ ஆலையின் இடிந்த சுவர்கள் எதிர்ப்படும். 1878 மே 2 அன்று காற்றில் மிதந்த மாவுத்தூள் தீப்பற்றி வெடித்ததில் 18 தொழிலாளர்கள் இறந்தார்கள். திரும்பவும் கட்டப்பட்ட ஆலை 1991-இல் தீயில் எரிந்தது. மிஞ்சிய சுவர்களுக்குள் 2003-இல் மில் சிட்டி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வழிகாட்டி வெடிவிபத்தை விவரிக்கும்போது கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். மாவு எப்படி வெடிக்கும் என்பது நியாயமான சந்தேகம், அதற்கு விடை சொல்வதில் அவர்களுக்கும் ஆர்வம் இருக்கும். இன்னும் சற்றுக் கீழே சென்றால் கோல்டு மெடல் பூங்காவுக்கு எதிரே பதின்மூன்று எஃகுத் தூண்கள் நிற்கும். 2007 ஆகஸ்ட் 1 அன்று 35 டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் ஆற்றில் சரிந்தபோது இறந்த 13 பேரின் நினைவிடம் அது. அங்கே இறங்கி நில்லுங்கள். வண்டியில் நின்றபடி செல்ஃபி எடுப்பது பொருத்தமில்லை.

கிழக்குக் கரையில் பில்ஸ்பரி மாவு ஆலையை ஒட்டிய மெயின் தெரு கல்பாவியது. கற்கள் மேல் செல்லும்போது முழங்காலை நன்றாகத் தளர்த்தி, நடை வேகத்துக்குக் குறைத்து, கைப்பிடியை உறுதியாக ஆனால் இறுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நடைபாதை ஓரத் திட்டுகள் மேல் ஒருபோதும் ஏற்றாதீர்கள். சரிவுப் பாதை இருக்கும் இடம்வரை சென்றே ஏறுங்கள். தண்டவாளத்தையும் வடிகால் கம்பிகளையும் குறுக்காக, செங்கோணத்தில் கடந்தால் சக்கரம் சிக்காது. வண்டியின் அகலம் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர். தோள் நுழைந்தால் போதும் என்று கம்பங்களுக்கு நடுவே புகுபவர்களின் சக்கரம்தான் இடிக்கும்.

ஆற்றோரத்தில் விளிம்பு அருகே பின்னோக்கி நகர்த்துவதை முற்றிலும் தவிருங்கள். 2010-இல் செக்வே நிறுவனத்தின் உரிமையாளராக இருந்த ஜிம்மி ஹெசல்டனே இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இந்த வண்டியோடு உயரத்திலிருந்து வார்ஃப் ஆற்றில் விழுந்து இறந்தார். ஒதுங்க இடமில்லை என்றால் இறங்கி வண்டியைத் தள்ளுவதே சரி. மினசோட்டா சட்டம் செக்வே ஓட்டுபவரைப் பாதசாரியாகவே நடத்துகிறது. நடந்து செல்பவர்களுக்கு வழிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக, முன்னவருக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு மூன்று வண்டி நீளம் விட்டுச் செல்லுங்கள். ஓட்டும்போது கைப்பேசியில் படம் எடுப்பதற்கு எந்த வழிகாட்டியும் இசைய மாட்டார். படமெடுக்க நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்.

சுற்று முடிந்து வண்டியை ஒப்படைக்கும்போது வழிகாட்டிக்குக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் தருவது அந்நாட்டு வழக்கம். உள்ளங்கால்கள் வலிக்கும், அது இயல்பு. அதே நாளில் வலுவிருந்தால் மில் சிட்டி அருங்காட்சியகத்துக்குள் சென்று, ஆலையின் தளங்கள் வழியே மின்தூக்கியில் ஏற்றிச் செல்லும் காட்சியைப் பாருங்கள். உச்சித் தளத்திலிருந்து நீங்கள் ஓட்டி வந்த பாதை முழுவதும் தெரியும். திறக்கும் நாட்களையும் நேரத்தையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே உள்ள கத்ரி நாடக அரங்கிலிருந்து ஆற்றை நோக்கி நீண்டிருக்கும் அந்தரப் பாலத்துக்குப் போக நாடகச் சீட்டு வேண்டியதில்லை.