அடிக்கடி காணாமல் போகும் வீட்டு சர்வர்

சர்வர் நெட்வொர்க்கில் தெரியவில்லை என்றதும் உடனே ரீஸ்டார்ட் பண்ணாதீர்கள். முதலில் திரையையும் கீபோர்டையும் மாட்டிப் பாருங்கள். லாகின் வந்தால் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கோளாறு இணைப்பில். திரையே வராவிட்டால் பவரைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி என்றால் 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும், பழைய போன் சார்ஜர் போதாது.

சிங்கப்பூரில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சர்வரை பாம் ஷெல்ட்டர் என்ற பாதுகாப்பு அறைக்குள் வைத்து வைஃபையில் ஓட்டினேன், அந்தக் கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் சிக்னலை விழுங்கிவிட, யாராவது கதவைச் சாத்தினால் இணைப்பு போகும், திறந்தால் வரும், இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. சர்வருக்கு ஈதர்நெட் கேபிள்தான் சரி. இப்போது அது ஹாலில், ரவுட்டர் பக்கத்தில்.

கேபிளிலும் விட்டுவிட்டுப் போகிறதா? வேறு கேபிள், வேறு போர்ட் மாற்றிப் பாருங்கள். அப்புறம், போகும் நேரத்தைக் குறித்து வையுங்கள். சரியாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் எனக்கு முதல் சந்தேகம் டிஎச்சிபி மேல்தான், அதாவது ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கும் முறை: ரவுட்டர் அமைப்பில் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரே ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். நேரம் ஒழுங்கில்லாமல் இருந்தால், குறித்த நிமிடத்தில் சிஸ்டம் லாக் (சர்வர் தானே எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவு) என்ன சொல்கிறது என்று தேடுங்கள். 'லிங்க் டவுன்' (இணைப்பு அறுந்தது) என்றிருந்தால் கோளாறு கேபிள், போர்ட், நெட்வொர்க் கார்டு மூன்றில் ஒன்றில்.