விண்வெளி வீரராக என்ன படித்திருக்க வேண்டும்?

விண்வெளி வீரர் ஆவதற்கென்று தனிப் பட்டப்படிப்பு எதுவும் இல்லை. வேறொரு துறையில் தேறியவர்களைத்தான் நிறுவனங்கள் எடுக்கின்றன. விண்வெளிப் பாடத்தை அவையே பிறகு சொல்லித் தரும். அதனால் எந்தத் துறை என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

நாசா 2024-இல் கேட்ட தகுதியைப் பாருங்கள். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். பொறியியல், உயிரியல், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல், கணிதம் போன்றவற்றில் முதுநிலைப் பட்டம் வேண்டும். அறிவியல் முனைவர் படிப்பில் இரண்டு ஆண்டுகள் முடித்திருந்தாலோ, மருத்துவப் பட்டம் பெற்றிருந்தாலோ, சோதனை விமானிப் பள்ளியில் தேறியிருந்தாலோ அதுவும் செல்லும்.

பலர் கோட்டைவிடுவது பட்டத்தின் பெயரில்தான். விமானப் போக்குவரத்து மேலாண்மை, செவிலியர் படிப்பு, சமூக அறிவியல் ஆகியவற்றை நாசா ஏற்பதில்லை. ‘விமானம்’ என்ற சொல் இருக்கிறதே என்று நம்பிச் சேர்ந்துவிட்டால், பிறகு அறிவியலில் இன்னொரு பட்டம் வாங்க வேண்டிவரும்.

பணி அனுபவம் மூன்று ஆண்டுகள். அது பட்டம் வாங்கிய பிறகு சேர்த்ததாக இருக்க வேண்டும். படிக்கும்போது பார்த்த வேலை கணக்கில் வராது. விமானிகளுக்கு ஆண்டுக்கணக்குக்குப் பதில் 1,000 மணி நேரம், அதில் 850 மணி நேரம் அதிவேக ஜெட்டில். தலைமை விமானியாகப் பறந்த நேரம் மட்டுமே சேரும். பக்கத்து இருக்கையில் துணை விமானியாக உட்கார்ந்த மணிகளைக் கூட்டிப் போட்டுப் பயனில்லை.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2021-இல் கேட்டதும் ஏறக்குறைய இதுவே. கூடுதலாக வயது 50-க்குள், உயரம் 150 முதல் 190 செ.மீ., சரளமான ஆங்கிலம். விமானிகளுக்கான மருத்துவச் சான்றிதழையும் விண்ணப்பத்தோடே கேட்டார்கள். அதைக் கடைசி வாரத்தில் தேடக் கூடாது. நாசாவில் வயது வரம்பு கிடையாது. கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம்: கண்ணாடியோடு 20/20 பார்வை, அதாவது இயல்பான பார்வை, வந்தால் போதும்.

இவையெல்லாம் வாசலைத் தாண்டத்தான். நாசாவின் 2024 அழைப்புக்கு 8,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர்கள் 10 பேர். அத்தனை பேரிடமும் பட்டம் இருக்கும்போது, கடினமான இடத்தில், சின்னக் குழுவோடு வேலை பார்த்த அனுபவம் எடுபடுகிறது. மின்பொறியியல் படித்த நாசா வீராங்கனை கிறிஸ்டினா கோச், 2013-இல் தேர்வாவதற்கு முன் தென்துருவ ஆய்வுநிலையத்தில் குளிர்காலத்தைக் கழித்தவர். கூடவே இன்னொரு முனைவர் பட்டம் வாங்குவதைவிட இது மேல் என்பது எங்கள் கணிப்பு.

நீச்சல் தெரியாதவர்கள் இப்போதே தொடங்கலாம். நாசாவில் தேர்வான பிறகு வரும் இரண்டாண்டுப் பயிற்சியின் முதல் மாதத்திலேயே நீச்சல் தேர்வு உண்டு: 25 மீட்டர் குளத்தை நிற்காமல் மூன்று முறை கடக்க வேண்டும், பிறகு விமானி உடையோடும் காலணியோடும் அதையே மறுபடி. நேர வரம்பு இல்லை. அதே உடையில் 10 நிமிடம் மூழ்காமல் மிதக்கவும் வேண்டும். விண்நடைப் பயிற்சி 12 மீட்டர் ஆழக் குளத்தில் நடப்பதால், ஸ்கூபா (மூச்சுக்கருவியோடு நீருக்கடியில் நீந்துவது) தேர்ச்சியும் கேட்பார்கள். அப்புறம் ரஷ்ய மொழி. அதைப் பயிற்சிக் காலத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.