கிளியர் கோட்டில் கீறல் மிஞ்சாமல் தேய்க்க

கார் பெயின்ட்டின் மேல் உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை வாட்டர் பேப்பரால் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்க்கும்போது, பேப்பரை மாற்றும் ஒவ்வொரு முறையும் திசையையும் மாற்றுங்கள். 1500 எண் பேப்பரை (எண் கூடக்கூடப் பேப்பர் நைசாகும்) இடவலமாகத் தேய்த்தால் 2000-ஐ மேல்கீழாக, 3000-ஐ மறுபடி இடவலமாக.

ஒரே திசையில் தேய்த்தால் பழைய கீறலும் புதிய கீறலும் கலந்துவிடும். பாலிஷ் போட்டு வெயிலில் நிறுத்தும்போதுதான் ஆழமான கோடுகள் தெரியவரும். குறுக்காகத் தேய்த்தால், நீரை வழித்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததுமே முந்தைய கோடுகள் தனியாகக் காட்டிக்கொடுக்கும். அவை முழுவதும் மறைந்த பிறகே அடுத்த பேப்பர். 3000 வரை இப்படிப் போனால் காம்பவுண்டுக்கு (மெஷினில் தேய்த்து மெருகேற்றும் பசை) வேலை மிகக் குறைவு, மெஷின் சூட்டில் பெயின்ட் கெடும் அபாயமும் குறைவு.

பேப்பரை முன்பே நீரில் ஊறவைத்து, வாளி நீரில் சில சொட்டு கார் ஷாம்பு விடுங்கள். விரலால் நேரடியாக அழுத்தவே கூடாது, பள்ளம் விழும்; ரப்பர் பிளாக் வேண்டும். கீழே விழுந்த பேப்பரைத் தயவுசெய்து எறிந்துவிடுங்கள். ஒரு மணல் துகள் போதும், அத்தனை உழைப்பும் வீண்.

வட்டமாகச் சுற்றும் சாண்டர் மெஷினுக்கு இந்தத் திசைக் கணக்கு பொருந்தாது. பானெட் விளிம்பு, கதவின் மடிப்புக் கோடு ஆகியவற்றில் தேய்க்கவே வேண்டாம். அங்கே கிளியர் கோட் மிக மெல்லியது, டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கீறலுக்கும் இது உதவாது. தேய்க்கும் நீர் வண்டியின் நிறத்திலேயே வடிந்தால் உடனே நிறுத்துங்கள்: ஒன்று கிளியர் கோட் தீர்ந்துவிட்டது, அல்லது அந்த வண்டிக்கு அது இல்லவே இல்லை.